பகா எண்ணும் பொதுவுடைமையும்

கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்ற வினாவை இலக்கிய உலகம் பல்லாண்டுகளாக விவாதித்து வந்துள்ளது. அவ்விவாதத்தில் முற்போக்கு அணியினர் எந்தப் பக்கம் நின்றனர் என்பதை இவ்வேட்டின் வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வினாவை அறிவுத்துறையை நோக்கி நாம் போதிய அளவு எழுப்பினோமல்லோம். அறிவு அறிவுக்காகவா, மக்களுக்காகவா? மருத்துவத்தையோ பொறியியலையோ முன்வைத்து இவ்வாறு கேட்டால் விடை எளிது. நோய் தீர்க்கும் அறிவும் பாலம் கட்டும் அறிவும் மக்களுக்கே உரியன என்று எவரும் கூறிவிடுவர். ஒரு பயனும் இல்லாதது போலத் தோன்றும் அறிவொன்றை எடுத்துக்கொண்டு ஆராயும்போதே வினாவின் கூர்மை புலப்படும். அத்தகையதோர் அறிவு பகா எண்களைப் பற்றிய அறிவு.

தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை, ஒன்றை நீக்கி, இலங்கைப் பாடநூல்கள் முதன்மை எண் என வழங்குகின்றன. தமிழகத்தார் பகா எண் என்பர். 2, 3, 5, 7, 11 என்பன இவ்வரிசையின் தொடக்கம். பகுக்கப்படாதது என்னும் பொருள் வெளிப்படையாக நிற்பதால், இக்கட்டுரையில் நாம் பகா எண் என்றே வழங்குவோம்.

2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அதுவரை அறியப்பட்ட பகா எண்கள் யாவற்றிலும் பெரியதொன்று கண்டறியப்பட்டது. இரண்டை 136,279,841 தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வருவதிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது அவ்வெண். அதன் இலக்கங்கள் மட்டும் 41,024,320. பக்கமொன்றுக்கு 2,000 இலக்கம் வீதம் அச்சிட்டால் இருபதாயிரம் பக்கங்களுக்கு மேல் வேண்டும். ஐந்நூறு பக்க நூல்களாகக் கட்டினால் நாற்பத்தொரு தொகுதிகளும் போதா. கண்டறிந்தவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த லூக் டியூரன்ட் என்னும் பொறியியலாளர். 17 நாடுகளிலுள்ள தரவு நிலையங்களில் ஆயிரக்கணக்கான வரைகலைச் செயலிகளை இயக்கி அவர் இதனைத் தேடினார். அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்த செயலியொன்று ஒக்டோபர் 11 ஆம் திகதி, இது பகா எண்ணாக இருக்கக்கூடும் என்று காட்டியது. மறுநாள் ரெக்சாஸ் மாநிலத்திலிருந்த இன்னொன்று அதனை உறுதிப்படுத்தியது.

செய்தியைக் கேட்டதும் நம் தோழர் ஒருவரின் நாவில் எழக்கூடிய கேள்வி இது: "பசித்தவனுக்கு இந்த எண் ஒரு பிடி சோறு போடுமா?" இக்கேள்வியை ஏளனமாக ஒதுக்கிவிடுதல் ஆகாது. மக்களின் உழைப்பிலிருந்து பிறந்த செல்வம் எதற்குச் செலவாகின்றது என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அத்தனை செயலிகளும் உண்ட மின்சாரம் எத்தனை கிராமங்களுக்கு விளக்கேற்றியிருக்கும் என்று கேட்பதும் தவறன்று. ஆனால் கேள்வி நியாயமானது என்பதனால், அதற்கு முதலில் தோன்றும் விடையும் நியாயமானதாகிவிடாது. முதலில் பொருளின் இயல்பை அறிவோம். தீர்ப்பு பின்னர் வரட்டும்.

இரண்டின் அடுக்கொன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் பகா எண்களுக்கு மெர்சேன் பகா எண்கள் என்று பெயர். 3, 7, 31, 127 என்பன முதல் நான்கு. அடுக்கு எண் பகா எண்ணாயிருந்தாலன்றி விளைவும் பகா எண்ணாகாது. ஆயினும் அடுக்கு பகா எண்ணாயிருப்பது மட்டும் போதாது. பதினொன்று பகா எண்ணே. எனினும் இரண்டின் பதினோராம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழிக்க வரும் 2047, 23ஐ 89ஆல் பெருக்க வருவதாகும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

அச்சோதனை வியப்புக்குரிய எளிமை வாய்ந்தது. பிரான்சின் லூக்கா பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடக்கிவைத்து, அமெரிக்காவின் லேமர் பின்னர் சீராக்கிய முறை அது. நான்கிலிருந்து தொடங்குக, அதனை வர்க்கித்து இரண்டைக் கழிக்க, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க, அடுக்கு எண்ணினும் இரண்டு குறைந்த தடவை இவ்வாறு செய்க, இறுதி மீதி பூச்சியமாயின் எண் பகாதது. 31ஐச் சோதிப்போம். அதன் அடுக்கு 5. ஆகவே மூன்று தடவை செய்தல் வேண்டும். 4ஐ வர்க்கித்து இரண்டைக் கழிக்க 14. அதனை வர்க்கித்து இரண்டைக் கழிக்க 194. 31ஆல் வகுக்க மீதி 8. எட்டை வர்க்கித்து இரண்டைக் கழிக்க 62, மீதி பூச்சியம். 31 பகா எண். எட்டாம் வகுப்பு மாணவன் கரும்பலகையில் செய்யக்கூடிய இதே கணக்கையே டெக்சாஸின் செயலியும் பதின்மூன்று கோடிக்கு மேற்பட்ட தடவை செய்தது. பெருந்தொழிற்சாலைக்கும் குடிசைக் கைத்தொழிலுக்கும் இடையே உள்ள அளவு வேறுபாடு இங்கும் உண்டு. விதி ஒன்றேதான்.

இப்பகா எண்களுக்குப் பெயர் தந்த மரின் மெர்சேன் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரெஞ்சுத் துறவி. ஐரோப்பிய அறிஞரிடையே பெருமதிப்புப் பெற்றவர். 257 வரையுள்ள அடுக்குகளில் எவை பகா எண்களைத் தரும் என்று அவர் 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 67 என்னும் அடுக்கு அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அப்பட்டியலை எவராலும் முற்றாகச் சோதிக்க முடியவில்லை. 1876இல் லூக்கா, 67 ஆம் அடுக்கு தரும் எண் பகா எண்ணன்று என நிறுவினார்; ஆயினும் அதன் காரணிகள் எவை என்பது அவருக்கும் தெரியவில்லை. 1903 ஒக்டோபரில் நியூயோர்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தின் முன்னிலையில் பிராங்க் நெல்சன் கோல் என்பவர் 193,707,721ஐ 761,838,257,287ஆல் பெருக்கிக் காட்டினார். விடை 147,573,952,589,676,412,927; மெர்சேன் பகா எண் என்று கூறிய அதே எண். ஒரு வார்த்தையும் பேசாமலே கோல் கரும்பலகையில் இதனைச் செய்து முடித்தார் என்று கணித வரலாறு எழுதுவோர் கூறுவர்.

பெரியோர் கூற்று என்பதனால் ஒன்று உண்மையாகிவிடாது என்பதைத் தமிழ் மரபு நக்கீரர் கதை மூலம் நெடுங்காலமாகப் போற்றி வந்துள்ளது. அம்மரபின் தூய வடிவத்தைக் கணிதத்தில் காண்கிறோம். இங்கே பட்டமும் பதவியும் குலமும் செல்லுபடியாகா. அரசன் ஆணையிட்டாலும் 2047 பகா எண்ணாகாது. பாராளுமன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தாலும் 31 பகுபடாது. சரிபார்க்கும் உரிமை எவருக்கும் உண்டு. சரிபார்த்தவனின் சொல் மெர்சேனின் சொல்லையும் வீழ்த்தும். இதனைவிடச் சனநாயகமான நீதிமன்றம் வேறெங்கே உளது?

எல்லா அறிவும் வர்க்க அறிவே என்று சொல்லிவிடும் அவசரக்காரர் நம்மிடையே சிலர் உளர். அவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்தித்தல் நன்று. முதலாளிக்கு ஒரு பெருக்கல் வாய்பாடும் தொழிலாளிக்கு இன்னொரு வாய்பாடும் இல்லை. எண்ணின் உண்மை வர்க்கத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் அந்த உண்மையைத் தேடுவதற்கான ஓய்வு, தாள், ஆசிரியர், நூலகம், கணனி என்பன அப்பாற்பட்டவையல்ல. கண்டதை வெளியிடுவதா, பூட்டி வைப்பதா என்று முடிவு செய்யும் அதிகாரமும் அப்பாற்பட்டதன்று. உண்மை பொதுவானது, உண்மைக்குச் செல்லும் பாதை தனியுடைமையாகக் கிடக்கின்றது. நாம் எழுப்பிய வினாவின் மையம் இம்முரண்பாடே.

பயன் என்னும் அளவுகோலை இனி எடுத்துக்கொள்வோம். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி 1940இல் வெளியிட்ட நூலொன்றில், தாம் செய்த கணிதம் நடைமுறைப் பயன் எதுவும் அற்றது என்பதைப் பெருமையாகவே எழுதினார். எண்கோட்பாட்டை எந்தப் போருக்கும் எவரும் பயன்படுத்தவில்லை என்பது உலகப் போரை வெறுத்த அம்மனிதருக்கு ஆறுதலாயிருந்தது. அவர் மறைந்து முப்பதாண்டு கழிந்தபோது, 1977இல், ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் ஆகிய மூவர் பகா எண்களைக்கொண்டு இரகசியச் செய்திகளைப் பூட்டும் முறையொன்றை வெளியிட்டனர். இரு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கத்தை மட்டும் பார்த்து அவ்விரண்டையும் மீட்பது மிக அரிது. கோல் கரும்பலகையில் சில நிமிடங்களில் பெருக்கிக் காட்டியதைக் கண்டுபிடிக்க இரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஏறக்குறைய 300 இலக்கப் பகா எண்கள் இரண்டைப் பெருக்கி அமைக்கப்பட்ட பூட்டுகள் இணையத்தின் வழி நடக்கும் வங்கி அலுவல்களைக் காத்து வந்துள்ளன. ஹார்டி பயனற்றது என்று மகிழ்ந்த அறிவு, வாணிபத்துக்கும் படைத்துறைக்கும் இன்றியமையாததாகிவிட்டது.

எனவே பயனை மட்டும் வைத்து அறிவை அளப்போர், அளவுகோலின் நீளத்தை அறியாதே அளக்கின்றனர். பயனின்மையைத் தூய்மையின் அடையாளமாகக் கொண்டாடுவோரும் அதே தவற்றையே செய்கின்றனர். இரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு: இவ்வறிவு யார் கையில்?

மேற்கூறிய பூட்டு முறையை அம்மூவருக்கும் முன்னரே, 1973இல், பிரித்தானிய அரசின் ஒற்றுத்துறையில் பணிபுரிந்த கிளிபர்ட் கொக்ஸ் கண்டுபிடித்திருந்தார். அரசு அதனை இரகசியமாக்கியது. 1997 வரை, இருபத்து நான்கு ஆண்டுகள், தாம் கண்டதைத் தம் கண்டுபிடிப்பென வெளியே சொல்லும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. அமெரிக்காவிலோ 1983இல் அம்முறைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு வரை அது நீடித்தது. ஒரு நாட்டில் அரசின் பூட்டு. மற்றொன்றில் சந்தையின் பூட்டு. யூக்கிளிட்டின் காலத்திலிருந்து உலக மக்கள் அனைவரின் முதுசொமாக வந்த எண்ணறிவின் மேல் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த வேலிகள் இவை.

வேலி எவ்வளவு விபரீதமாகலாம் என்பதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. திரைப்படத் தட்டுகளின் பூட்டை அவிழ்க்கும் சிறு கணனி நிரலொன்றைப் பரப்புவது சட்டவிரோதம் என 2000இல் நியூயோர்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணனி நிரல் எதுவும் இறுதியில் ஓர் எண்ணே. 2001இல் பில் கார்மொடி என்பவர், அந்நிரலைத் தன்னுள் அடக்கிய 1,401 இலக்கப் பகா எண்ணொன்றைக் கண்டுபிடித்து வெளியிட்டார். நிரல் தடைசெய்யப்பட்டதாயின் அதனையே தாங்கி நிற்கும் பகா எண் என்னாவது? எண்ணைச் சிறையிடுவதா? உலகம் தோன்றுமுன்பே பகாததாய் இருந்த ஒன்றை உச்சரிப்பது குற்றமாகுமா? சொத்துரிமைச் சட்டம் தன் தருக்கத்தின் முடிவுவரை சென்றால் எண்களையே கைது செய்ய நேரிடும் என்பதை அந்த 1,401 இலக்கங்கள் நகைச்சுவையோடு எடுத்துக்காட்டின.

கண்டதைப் பூட்டுவது ஒரு கொடுமை. காணும் வாய்ப்பையே மறுப்பது அதனினும் பெரிய கொடுமை. இதற்கு நாம் மேற்குலகு வரை செல்லவேண்டியதில்லை. 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், ஏனைய பாடங்களில் தேறாமையால் அரசினர் கல்லூரியில் பெற்ற உதவிப்பணத்தை இழந்தார்; பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி வழியாகத் தேர்வெழுதியும் தேறவில்லை. தாள் வாங்க வசதியின்றிக் கற்பலகையில் கணித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். 1912இல் மாதம் 30 ரூபா ஊதியத்தில் சென்னைத் துறைமுகத்தில் கணக்கராய் அமர்ந்தார். அங்கிருந்து 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், குறித்த ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதை மிக நுட்பமாகத் தரவல்ல சூத்திரம் தம்மிடம் உண்டு என்றார். அச்சூத்திரத்தின் பிழை, அவர் கருதியதுபோல அத்துணைச் சிறிதன்று என்பது பின்னர் தெளிவாயிற்று.

அப்பிழையின் காரணத்தை நாம் ஆராய்தல் வேண்டும். ஐரோப்பாவில் ரீமன் 1859இலேயே பகா எண்களின் பரவலைச் சிக்கலெண் சார்புகளோடு தொடர்புபடுத்தியிருந்தார். அக்கணிதம் இராமானுஜனின் கைக்கு எட்டவில்லை. உலகின் பிற பகுதியில் அரை நூற்றாண்டுக்கு முன்னரே திறக்கப்பட்ட கதவொன்று இருப்பதை அறியாத நிலையில், தனியொரு மனிதர் சுவரைத் துளைத்துக்கொண்டு ஏறத்தாழ அவ்வறைவரை வந்துவிட்டார். இதனைத் தெய்வ அருள் என்று சொல்லி வியப்போர், நூலகமின்மையையும் வறுமையையும் குடியேற்ற ஆட்சியின் கல்விமுறையையும் அவ்வியப்பினால் மூடிவிடுகின்றனர். 1920இல் தம் முப்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய மேதைமைக்குச் சிலை எடுப்பது எளிது. அம்மேதைமையை ஏறக்குறையப் பட்டினியில் அழித்த சமூகத்தை விசாரிப்பது கடினம்.

அவருக்குப் பின் வந்த இன்னொரு தமிழர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901இல் குற்றாலத்துக்கு அண்மையிலுள்ள வல்லத்தில் பிறந்தவர்; பள்ளிப்பருவம் முடியுமுன்பே பெற்றோரை இழந்தவர். ஆசிரியர் ஒருவரின் உதவியே அவரைக் கல்லூரிவரை கொண்டு சேர்த்தது. ஒருவகைப் பகா எண்கள் இன்றும் அவர் பெயரால் பிள்ளை பகா எண்கள் என வழங்குகின்றன. அவற்றுள் முதலாவது 23. ஒன்று முதல் பதினான்கு வரையுள்ள எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 87,178,291,201 வரும். அது 23ஆல் மீதியின்றி வகுபடும். ஆனால் 23இலும் ஒன்று குறைந்த 22, பதினான்கால் வகுபடாது. இவ்விரு பண்பும் ஒருங்கே வாய்ந்தவை அவ்வகை எண்கள். 1950 ஓகஸ்டில் அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில் எகிப்தில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். அனாதைச் சிறுவன் ஒருவனுக்கு ஓர் ஆசிரியர் காட்டிய பரிவு, கணித வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெயராக நிற்கின்றது. தற்செயலாக ஒருவருக்குக் கிடைத்த அப்பரிவை எல்லோருக்கும் உரிமையாக்குவதே நாம் பேசும் அரசியல்.

அவ்வுரிமை சிறிதளவேனும் நிறுவனமாக வடிவெடுத்தால் என்ன விளையும் என்பதற்கும் சான்று உண்டு. ஓர் எண் பகா எண்தானா என்பதை, அதன் இலக்கத் தொகையின் ஓர் அடுக்குக்கு மிகாத படிகளில், ஐயத்துக்கிடமின்றித் தீர்மானிக்கும் முறை உண்டா என்பது கணனிக் கணிதத்தின் பெரும் வினாக்களுள் ஒன்றாயிருந்தது. 2002 ஓகஸ்டில் கான்பூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வாலும், அவ்வாண்டுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இரு மாணவரும் அத்தகைய முறையைக் கண்டு நிறுவினர். ஆய்வு முடிந்த சில நாட்களிலேயே அதனை உலகில் எவரும் படிக்குமாறு இணையத்தில் வெளியிட்டனர். 2004இல் அது கணிதத்தின் முதன்மை ஏடொன்றில் அச்சேறியது; 2006இல் கோடெல் பரிசும் வேறு சிறப்புகளும் கிடைத்தன. நடைமுறையில் இதனினும் விரைவான சோதனைகள் உள்ளன. எனினும் கோட்பாட்டு நிலையில் நெடுநாள் வினா ஒன்று தீர்ந்தது. பொதுப்பணத்தில் இயங்கும் கல்விக்கூடம், வழிகாட்டும் ஆசிரியர், உலக ஆய்வேடுகளை எட்டும் வசதி ஆகிய மூன்றும் இளைஞர் இருவருக்கு வாய்த்தன. இராமானுஜனுக்கு இளமையில் வாய்க்காதவை அவை மூன்றுமே. அக்கழகங்களின் வாயிலும் எல்லோருக்கும் சமமாகத் திறந்ததன்று என்பதை நாம் அறிவோம். அதனால் பெறப்படுவது வாயிலை அகலப்படுத்தவேண்டும் என்பதேயன்றி, கட்டடம் வேண்டா என்பதன்று.

இனி நம் நாட்டை நோக்குவோம். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது. அதன் பயனை நுகர்ந்தோர் நம்முள் பலர். ஆயினும் இன்று வெள்ளவத்தைத் தெருக்களில் தனியார் வகுப்புகளின் விளம்பரங்கள் நிறைந்திருப்பது எதனைக் காட்டுகின்றது? இலவசக் கல்வியின் பக்கத்திலேயே விலைக்கல்வி ஒன்று வளர்ந்து நிற்கின்றது. மலையகத் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரக் கணிதப் பிரிவே இல்லை. 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடியின்போது, தாள் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. தாளின்றிக் கற்பலகையை நாடிய கும்பகோணத்து இளைஞரின் கதை பழங்கதையன்று என்பதை அந்த மாதம் நமக்கு நினைவூட்டியது. கொட்டாஞ்சேனையிலிருந்து கொழும்புத் துறைமுகம் கூப்பிடு தூரம். அங்கே மூட்டை சுமப்போர், கணக்கெழுதுவோர் வீடுகளில் எத்தனை பேர் 23ஐப் பார்த்து வியக்கும் கண்ணோடு பிறந்தனர், எத்தனை பேரின் வியப்பைப் பதினாறு வயதுக்குள் வாழ்க்கை அடித்து அணைத்தது என்பதற்குக் கணக்கெடுப்பார் யார்?

நம் தோழரின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். பெரிய பகா எண் பசித்தவனுக்குச் சோறிடாது. ஆனால் பசித்தவனுக்குச் சோறு கிடைக்காமைக்குப் பகா எண்ணைத் தேடியவரும் காரணமல்லர். சோற்றைப் பூட்டி வைத்திருக்கும் அதே உடைமை முறைதான் அறிவையும் பூட்டி வைத்திருக்கின்றது. 1996இல் தொடங்கிய மெர்சேன் எண் தேடலில், உலகெங்குமுள்ள தன்னார்வலர் கணனிகளின் ஓய்வு நேரத்தை ஒன்று சேர்த்து, 2018 வரை கிடைத்த அதன் வெற்றிகள் யாவற்றையும் ஈட்டினர். 2024இலோ பெருநிறுவனங்களின் தரவு நிலையச் செயலிகள் அவ்விடத்தைப் பிடித்தன. கூட்டுழைப்பாய் இருந்தது வாடகைப் பொறிகளின் வலிமையாக மாறும் இம்மாற்றத்தை நாம் கவலையோடு கவனித்தல் வேண்டும். எதிர்ப்பு அதன்மீது இருக்கட்டும்; எண்ணின்மீது வேண்டா.

இன்னொன்றையும் ஆசிரியர் சமூகம் சிந்தித்தல் வேண்டும். "இதனால் என்ன பயன்?" என்னும் கேள்வி எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே வகையில் கேட்கப்படுவதில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளை இசை கற்கலாம், வானத்து மீன்களை எண்ணலாம், விடுகதைக் கணக்கில் பொழுது போக்கலாம். அவனிடம் எவரும் பயன் கேளார். தொழிலாளியின் பிள்ளை கற்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் உடனடிப் பயன் கேட்கப்படுகின்றது. சோற்றுக்கு வழிகாட்டும் கல்வியே உனக்குப் போதும் என்று அவனிடம் கூறுவது இரக்கத்தின் குரலாக ஒலிக்கலாம். ஆராய்ந்தால் அது ஆளும் வர்க்கத்தின் குரலே. அதே சொல்லை முற்போக்கின் பெயரால் நாமும் திருப்பிச் சொல்வோமாயின், பறித்தவனுக்கே துணை போனவராவோம்.

உழைக்கும் மக்கள் வேண்டுவது சோறு மட்டுமன்று. சோற்றுக்குப் பின் வரும் ஓய்வும், ஓய்வில் எழும் வியப்பும், வியப்பைத் தொடர்ந்து செல்லும் உரிமையும் அவர்களுடையனவே. பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்கிளிட் ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நிறுவினார். அந்நிரூபணத்தைப் பத்து நிமிடத்தில் தமிழில் சொல்லிவிடலாம். பரீட்சையில் வராது என்பதற்காக அதனைச் சொல்லாது விடுவதா, கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் அது உரியது என்று கருதிச் சொல்வதா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இன்று நம் கையில் இருக்கின்றது. அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.